மூன்றாவது தடவை

கேக்கை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

நான் படிக்கப் போன ஊரில் இறங்கிய மறுநாள் நடந்தது இது. சமையலறையையும் குளியலறையையும் என்னோடு பங்கு போட்டுக்கொண்ட பெண், தானே செய்த கேக்கைத் தட்டில் வைத்து என் அறை வாசலுக்குக் கொண்டுவந்து, சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். விமானத்தில் தந்த காய்ந்த ரொட்டிக்குப் பிறகு என் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. வாசனை வேறு ஆளைத் தூக்கியது. ஆனாலும் நான் வளர்ந்த வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா விடுமா? ஐயோ வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன். அவள் சரி என்றாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அங்கேயே நின்றேன். இன்னொரு தடவை கேட்க வருவாள் என்று நம்பி நின்றேன். உள்ளேயிருந்து முள்கரண்டி தட்டில் படும் சத்தம்தான் வந்தது.

எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. அடுத்தவர் வீட்டில் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், எதற்கு உங்களுக்குச் சிரமம் என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை, சரி, நீங்கள் இவ்வளவு தூரம் சொல்கிறீர்கள், கொஞ்சமாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொள்ளலாம். சின்ன வயதில் முதல் தடவையே தலையாட்டிவிட்டால் அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். வீட்டுக்கு வந்ததும், "பறக்காவெட்டி மாதிரி கையை நீட்டற, நான் சோறே போடலைன்னு நினைச்சுக்க மாட்டாங்க?" என்று அர்ச்சனை நடக்கும். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். தெரிந்துதான் மூன்று தடவை கேட்பார்கள். இப்படி ஒருவரையொருவர் பிடித்து இழுத்துக்கொண்டே எங்கள் சொந்தபந்தம் முழுக்கக் குண்டாகிவிட்டது.

இந்த ஊரிலோ ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சிரித்த முகத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவளுக்கு அன்றே கதவுக்காரி என்று பெயர் வைத்தேன். அவள் என்ன பாவம் செய்தாள், எனக்குப் பசி, வாய்க்கு வந்ததை வைத்தேன்.

கேக்கோடு நிற்கவில்லை. வகுப்பில் ஒருத்தி குடையில் இடம் தரட்டுமா என்றாள், வேண்டாம் என்று சொல்லி நனைந்தேன். பெட்டியைத் தூக்கட்டுமா என்றான் மாடிப்படியில் ஒருவன், வேண்டாம் என்று சொல்லித் தோள்பட்டை பிசகியது. ஒவ்வொரு தடவையும் மனசுக்குள், கேளேன் கடன்காரா, இன்னும் ஒரே ஒரு தடவை கேளேன் என்று கத்துவேன். எவன் கேட்டான்?

ஊர் ஞாபகம் வந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன், வெளியே கேட்காது. எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் படிப்பு, அப்பா உத்தியோகம், எப்போது கல்யாணம் என்று இறங்குவதற்குள் விசாரித்து முடித்துவிடுவாள். எரிச்சல் எரிச்சலாக வரும். இங்கே பஸ் நிறைய ஆள் இருக்கும், ஒருவர் வாயைத் திறக்க மாட்டார்கள். யாராவது என்னை ஏதாவது விசாரிக்க மாட்டார்களா என்று ஏங்கிப்போனேன். லிப்டில் மாடி எண்ணைச் சொல்லும் குரல் ஒன்றுதான் அந்த ஊரில் தானாக முன்வந்து என்னிடம் பேசியது. ஒருநாள் அதற்கு நன்றி சொல்லிவிட்டு, கூட இருந்தவர் பார்த்துவிட்டாரோ என்று இருமி மழுப்பினேன்.

அப்புறம் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். மாமாவின் கால்தான் காரணம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பிறகு ஒரு இலவச முகாமில் செயற்கைக் கால் கொடுத்தார்கள். கொடுத்தார்களே தவிர, மாமா அதைப் போட்டு நான் பார்த்ததெல்லாம் கல்யாண வீடுகளில்தான். போட்டோ எடுக்கிற நேரத்துக்குப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பார், எடுத்து முடித்ததும் கழற்றிவிடுவார். மற்ற நாளெல்லாம் அது பீரோ மேலே செருப்போடு நிற்கும். போட்டோக் கால் என்றே வீட்டில் அதற்குப் பெயர். கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஒற்றைக் காலில் தத்தித் தத்தித்தான் வேலை பார்ப்பார். ஏன் மாமா போட மாட்டேன் என்கிறீர்கள் என்றால், "இதுலயே பழகிடுச்சும்மா, எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்.

மாமாவுக்கு நான் ஒரு கால் செய்து தருவேன், அதைப் போட்டுக்கொண்டு அவர் கடைக்கு நடந்து போக வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம். செயற்கைக் கால் செய்யும் படிப்பு அந்த ஊரில் நன்றாக இருக்கிறது என்று தேடிப் பிடித்து, உதவித்தொகை வாங்கிப் போனேன். போகும்போது வாசலில் நின்று எல்லாரும் கேட்கும்படி, கால் செய்யக் கற்றுக்கொண்டுதான் திரும்புவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டும் போனேன்.

பட்டறை எனக்கு உடனே பிடித்துப்போனது. அறைக்கு இருந்த கதவு பட்டறைக்கு இல்லை. நீளமான மேஜைகள், மேலே மாவுக்கட்டுத் துணிச் சுருள்கள், வெந்நீர்த் தொட்டி, பிளாஸ்டிக் தகட்டை இளக்குகிற பெரிய அடுப்பு, மூலையில் உப்புத்தாள் தேய்த்த தூள். மிச்சமிருக்கும் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அந்த அச்சிலிருந்து, காலை உள்ளே நுழைக்கிற கிண்ணத்தைச் செய்ய வேண்டும். கிண்ணம் சரியாக உட்கார்ந்தால் எல்லாம் சரி. கொஞ்சம் பிசகினால் ஒவ்வொரு அடிக்கும் உயிர் போகும். என் கை நன்றாகவே ஓடியது. தும்மினால் மூக்கிலிருந்து வெள்ளையாக மாவு வந்தது, அதைக்கூட நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வாத்தியார் நெட்டையான மனிதர், விளக்கில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தே நடப்பார். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு வரவில்லை, சார் என்றேன். அவர் தனக்குப் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

பருவம் பாதியில் அவர் எங்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். இனி ஆளுக்கு ஒரு நோயாளி. அவருக்கு முழுக் கால் செய்ய வேண்டும், பருவக் கடைசியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு பரீட்சை வைக்க வருகிறவர் முன்னால் நடக்க வேண்டும். நடந்தால் தேர்ச்சி. நோயாளி இல்லாதவர் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். என்னைப் போல உதவித்தொகையில் வந்தவர்களுக்கு அந்தத் திரும்பப் படிக்கிற பேச்சே கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

சொல்லிவிட்டு முதல் ஆளாக என்னைத்தான் பார்த்தார். பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார், இடது கால், முழங்காலுக்குக் கீழே, உன் வேலை சுத்தமாக இருக்கிறது, நீ எடுத்துக்கொள்கிறாயா என்றார். அப்படியே மாமாவின் கால். எனக்கு உள்ளே குதியாட்டம். வாயோ என்னைக் கேட்காமல் தானாகத் திறந்தது. எனக்கென்ன சார் தெரியும், நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன், கெட்டிக்காரர்கள் யாருக்காவது கொடுங்கள் என்று குழைந்தது.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்து மேஜைக்குப் போய்விட்டார். பக்கத்து மேஜைக்காரன் கேள்வி முடியும் முன்னே எடுத்துக்கொள்கிறேன் என்றான். அடுத்தவள், அதற்கடுத்தவன் என்று வரிசையாகப் போய், அரை மணிக்குள் நோயாளிகள் தீர்ந்துபோனார்கள். வாத்தியார் கையைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்தான் தட்டிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணினேன். குரலைக் கேட்டதுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னடி என்றாள், ஒன்றுமில்லை என்றேன். சளியா என்றாள், இல்லை என்றேன். மூன்றாம் தடவை, "இப்ப சொல்லப்போறியா இல்லையா" என்றாள், கொட்டித் தீர்த்துவிட்டேன். அம்மா கேட்டுவிட்டு, "வந்துடு கண்ணு. படிச்ச வரைக்கும் போதும். உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டேன். மாமா போனை வாங்கினார். அவர் அங்கேயே இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "எனக்காகன்னு நினைச்சுக்கிட்டு கஷ்டப்படாதம்மா. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

போனை வைத்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட மறந்து, கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கதவு தட்டப்பட்டது. கதவுக்காரி. ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். சரி என்று அவள் போகிற காலடிச் சத்தம் கேட்டது பாருங்கள், எனக்கு வந்ததே கோபம். அவள் மேல் பாதி, என் மேல் பாதி. எழுந்து போய் அவள் கதவைப் படபடவென்று தட்டினேன். திறந்தாள்.

"வேணும்" என்றேன்.

"என்ன வேணும்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. "கேக்" என்றேன்.

அந்தப் பழைய கேக் தீர்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் மாவைக் கொட்டிப் புதிதாகச் செய்ய ஆரம்பித்தாள். அடுப்பில் அது உப்பி வரும்வரை நான் எங்கள் வீட்டுச் சட்டத்தை விளக்கினேன். எல்லாம் அவர்கள் பாஷையில்தான், என் அரைகுறையில். அவளுக்குக் கண் விரிந்துகொண்டே போனது. அப்படியானால் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னபோது பசியா என்றாள். கொலைப்பட்டினி என்றேன். குடை? நனைந்தேன். அவள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

பிறகு நியாயமாக ஒரு சந்தேகம் கேட்டாள். "அப்ப நிஜமாவே வேண்டாம்னா உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவீங்க?"

"தட்டு மேல ரெண்டு கையையும் வெச்சு மூடிக்குவோம். அப்பவும் விரலிடுக்குல ஊத்துவாங்க" என்றேன்.

கேக்கைச் சுடச்சுடத் தின்றோம். முக்கால்வாசி நான்தான். வாத்தியாரிடம் போய், வேண்டும் என்று சொல்வதுதானே என்றாள் அவள். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னதை எந்த முகத்தோடு போய்த் திரும்பக் கேட்பது என்றேன். அவளுக்கு அது புரியவே இல்லை. "இருக்கற முகத்தோடதான்" என்றாள். அவள் எவ்வளவு நல்லவள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கதவுக்காரி என்ற பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை வாத்தியார் கோட்டைக் கழற்றுவதற்குள் போய் முன்னால் நின்றேன். எனக்கு நோயாளி வேண்டும், நேற்று வேண்டாம் என்று சொன்னது மரியாதைக்கு, எங்கள் பக்கத்தில் அப்படித்தான், நீங்கள் இரண்டாம் தடவை கேட்பீர்கள் என்று காத்திருந்தேன் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படிச் சொல்லி நான் விட்டுவிட்டேனோ என்று அவருக்கே கவலையாகிவிட்டது.

ஆனால் ஆள் இல்லையே என்றார். கொஞ்சம் யோசித்து, ஒருவர் இருக்கிறார், அவரை யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றார். தபால்காரர். இங்கே படித்துப் போன பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவராக அவருக்குக் கால் செய்து பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கிறது என்று கைகுலுக்கிவிட்டுப் போவார், பரீட்சைக்கு நொண்டிக்கொண்டு வருவார். பிள்ளைகள் தோற்றுப்போவார்கள். எங்கே தப்பு என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவரும் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார்.

"அவரை நீ எடுத்துக்..."

"எடுத்துக்கறேன்" என்றேன். அவரைக் கேள்வியை முடிக்கவே விடவில்லை. என் தொடையை நானே ஒரு தடவை தடவிக்கொண்டேன்.

தபால்காரர் நாற்பது வயதுக்காரர். வேலை இல்லாவிட்டாலும் இலாகா தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வருவார். அச்செடுக்கும்போது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். வெந்நீர் சுடுகிறதா என்றால் இல்லை, கட்டு இறுக்கமா என்றால் இல்லை. கேள்வி முடிவதற்குள் இல்லை வந்து விழும். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். இந்த மாதிரி இல்லையை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று மாவைக் குழைத்துக்கொண்டே யோசித்தேன்.

முதலில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு சோதனைக் கிண்ணம் செய்வோம். காலை உள்ளே விட்டால் தோல் வெளியே தெரியும், எங்கே அழுந்துகிறது என்று ஓரளவு பார்க்கலாம். பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கம்பி போட்ட நடைபாதையில் அவரை நடக்கச் சொன்னேன். நடந்தார். முகத்தில் சிரிப்பு. கம்பியைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு முன்னால் செய்த எல்லாரும் இந்த இடத்தில்தான் நன்றி சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த ஊரில் அதுதான் மரியாதை. மனிதர் ஒன்றைச் சொன்னால் நம்ப வேண்டும்.

எனக்கு அந்த மரியாதை தெரியாதே. இன்னொரு தடவை கேட்டேன். இல்லை என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. விளக்குக்கு அந்தப் பக்கம் வாத்தியார் குனிந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் கேட்டால் அவரைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி ஆகும், கோபித்துக்கொண்டு எழுந்து போனால் என் கதையும் முடிந்தது. தெரிந்தேதான் மூன்றாம் தடவை கேட்டேன். முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு தடவை சொல்லிட்டேனே" என்றார்.

"எங்க வீட்ல முதல் ரெண்டு தடவை சொல்றதை நாங்க கணக்குலயே சேர்க்கறதில்லைங்க" என்றேன்.

தபால்காரர் என்னையே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பை விரலால் தொட்டார்.

"இங்க. காலை ஊனும்போதெல்லாம் ஊசி ஏத்தற மாதிரி இருக்கு. எல்லாக் காலுமே அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று வாத்தியார் அங்கிருந்தே கேட்டார். தபால்காரர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்னப் பசங்க. ராத்திரி பகலா உக்காந்து செஞ்சிருக்காங்க. முகத்தைப் பார்த்து நல்லா இல்லைன்னு எப்படிச் சொல்றது? மார்க் குறைஞ்சுடாதா?" என்றார். அடப்பாவி மனுஷா, இவர் இரக்கப்பட்டு இரக்கப்பட்டே அத்தனை பேரையும் தோற்கடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த இல்லையை எங்கே கேட்டேன் என்பதும் அப்போது தெரிந்துவிட்டது.

சூடான காற்றடித்து அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை இளக்கி வெளியே தள்ளினேன். நடந்தார். இன்னும் கொஞ்சம் என்றார். தள்ளினேன். அதற்குப் பிறகு அவருக்கு வாய் திறந்துவிட்டது. பின்பக்கம் உரசுகிறது, பாதம் வெளியே திரும்புகிறது, இறக்கத்தில் முழங்கால் முந்திக்கொள்கிறது என்று வந்தபோதெல்லாம் குறை சொன்னார். பட்டறைக் காபியைக் குறை சொன்னார். என் முடியில் ஒட்டியிருக்கும் மாவைக் குறை சொன்னார். ஒவ்வொன்றையும் நான் கேட்டுக்கேட்டுத் திருத்தினேன், முடியைத் தவிர. ஒரு நாள் கம்பியைப் பிடிக்காமலே அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றார். குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, திண்டாடினார்.

அறையிலும் நிலைமை மாறிவிட்டது. கதவுக்காரி எங்கள் சட்டத்தை மனசார ஏற்றுக்கொண்டாள். உப்பு வேணுமா, உப்பு வேணுமா, உப்பு வேணுமா என்று இடைவெளி விடாமல் மூன்று தடவையும் மொத்தமாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். நானோ முதல் தடவையே ஆமாம் என்று சொல்லப் பழகியிருந்தேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் போட்டுக்கொண்டு சாப்பிட்டே விடுவேன். அவளுடைய சிநேகிதிகள் வந்தால் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். குளியலறையில் இப்போது நான் குளிக்க மட்டும்தான் செய்தேன்.

பரீட்சையன்று தபால்காரர் தோளில் கனமான பையோடு வந்தார். நடைபாதை எல்லாம் எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு, வாசல் படியிறங்கி, தெருமுனை வரை போய், ஏற்றத்தில் ஏறித் திரும்பி வந்தார். பரீட்சை வைக்க வந்த அம்மாள் வலிக்கிறதா என்று கேட்டார். அவர் இல்லை என்றார். அந்த அம்மாள் திருப்தியாகத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை, நிஜமாகவா என்றேன். நிஜமாகவே இல்லை என்றார். சத்தியமாகவா என்றேன். தபால்காரர் பரீட்சை அம்மாளிடம் திரும்பி, "இந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது ஒரு குறை சொன்னாத்தான் என்னை வீட்டுக்கு விடும். குதிகால் லேசா சத்தம் போடுதுன்னு எழுதிக்குங்க" என்றார். நெட்டை வாத்தியார் சிரித்ததில் விளக்கில் தலை இடித்துக்கொண்டார்.

தேர்ச்சி. அடுத்த வாரம் அவர் வேலைக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடியோ போட்டேன். அம்மா எடுத்தால் முதலில் மின்விசிறிதான் தெரியும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்து, தேர்ச்சியைச் சொல்லி, அம்மா அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

மாமா, அந்தப் போட்டோக் கால் வலிக்குமா என்று கேட்டேன்.

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா" என்றார். கேள்வி முடிவதற்குள் வந்த இல்லை. இரண்டாம் தடவை கேட்டேன். இதுலயே பழகிடுச்சும்மா, எனக்கென்ன என்று ஆரம்பித்தார். எத்தனை வருஷம் இதைக் கேட்டு அப்படியே நம்பியிருக்கிறோம்.

"மாமா. வலிக்குமா?"

மாமா போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார், பின்னால் பீரோவும் அதன் மேலே செருப்போடு அந்தக் காலும் ஆடின.

"வலிக்கும்மா" என்றார். "போட்ட அன்னிக்கே வலிச்சுது. அந்த முகாம்ல செஞ்ச தம்பி அவ்வளவு ஆசையா முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னான். எப்படிச் சொல்றது? வீட்டுக்கு வந்தா நீங்கல்லாம் கை தட்டறீங்க."

அம்மாவின் குரல் பக்கத்திலிருந்து வந்தது. "அடப்பாவி. இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருக்கோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் கேட்டேனேடா அன்னிக்கே."

"நீ ஒரு தடவைதானேக்கா கேட்டே" என்றார் மாமா.

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். சோற்றுக்கு மூன்று தடவை, காபிக்கு மூன்று தடவை கேட்கிற வீடு எங்களுடையது. பிறகு போனில் மறுபடியும் மின்விசிறி தெரிந்தது. அம்மா கீழே உட்கார்ந்து அவர் முட்டியைத் தொட்டு, எங்கேடா, எங்கே வலிக்கும், காட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

எல்லாரும் மூக்கைச் சிந்தி முடித்த பிறகு, லீவுக்கு வரும்போது மாவுக்கட்டுச் சுருள் கொண்டுவருகிறேன், உங்களுக்கு அளவெடுத்துப் புதுக் கால் செய்யட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன்.

"ஐயோ, எதுக்கும்மா உனக்கு வீண் சிரமம். வேண்டாம், வேண்டாம்" என்றார்.

எனக்குள் ஒரு குசும்பு. இந்த ஊரில்தானே இருக்கிறேன். "சரி மாமா, வேண்டாம்னா விட்டுடறேன்" என்று போனை வைக்கப் போனேன்.

மாமா பதறிவிட்டார். "ஏய், ஏய், வெச்சுடாத" என்றார். "இன்னும் ரெண்டு தடவை கேளும்மா."

கேட்டேன்.